அடுப்பங்கரையில் டவர் லேம்ப்

சிவப்பு எரிந்தது. கூடவே பஸ்ஸர்.

நான் கூடத்து மேசையில் இருந்தேன். பக்கத்து வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பைப் பிரித்துப் போட்டிருந்தேன். கையில் சூடான சால்டரிங் அயர்ன். காதில் ஹெட்போன். பஸ்ஸர் காதில் விழவில்லை. மேசை மேலிருந்த ஸ்க்ரூவெல்லாம் சிவப்பானது தெரிந்தது.

ஹெட்போனைக் கழற்றி, அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு எழுந்தேன். மகள் பவித்ரா நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். அதுவரை எங்கள் வீட்டில் மஞ்சள்தான் எரிந்திருக்கிறது. சிவப்பு எரிந்ததில்லை.

அடுப்பங்கரையில் என் மனைவி வளர்மதி நின்றிருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது. கேஸ் வாசனை இல்லை. தண்ணீர் ஒழுகவில்லை. அவள் கையில் காயம் இல்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டேன். எதுவும் பழுதாகவில்லை.

"என்னை லைன் லீடராப் போடுறாங்களாம்," என்றாள். "நாளைக்குக் காலைல ஷிஃப்ட் ஆரம்பிக்கிறப்போ பதில் சொல்லணும்."

வளர்மதி செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் இருக்கிறாள். எப்போதும் முதல் ஷிஃப்ட். விடிவதற்கு முன் பஸ் ஏறினால் மத்தியானம் தாண்டி வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"போ," என்றேன். "நல்லதுதான்."

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ரீசெட் பட்டனை அழுத்தக் கையை நீட்டினேன். அவள் தன் கையைக் குறுக்கே வைத்தாள்.

"அழுத்துனவங்கதான் அணைக்கணும். நீ போட்ட ரூலுதான்."

விளக்கு சிவப்பாகவே இருந்தது.

காயலான் கடைச் சரக்கு

கம்பெனி வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தலைக்கு மேல் ஒரு டவர் லேம்ப் நிற்கும். மூன்று நிறம், ஒன்றின் மேல் ஒன்று. பச்சை என்றால் வேலை ஓடுகிறது. மஞ்சள் என்றால் எனக்கு ஓர் ஆள் வேண்டும். சிவப்பு என்றால் லைன் நின்றுவிட்டது.

சிவப்பு இரண்டு காரணத்துக்கு எரியும். ஒன்று, பிரேக்டவுன். ஏதாவது உடைந்திருக்கும். இன்னொன்று, மாடல் சேஞ்ச். ஒரு வண்டியின் சீட்டை நிறுத்திவிட்டு வேறு வண்டியின் சீட்டுக்கு மாறும்போது எல்லாவற்றையும் நிறுத்தித்தான் மாற்ற முடியும்.

மஞ்சள் அழுத்தினவரைத் திட்டக் கூடாது. ஓடி வருகிறவன் "ஏன் அழுத்தின" என்று கேட்கக் கூடாது. "என்ன" என்றுதான் கேட்க வேண்டும். திட்டு விழும் என்று பயந்தால் அடுத்த முறை அழுத்தமாட்டார்கள். தப்பான பொருள் கடைசி வரை போய்விடும்.

நான் ஒரகடத்தில் கார் சீட் தைக்கிற கம்பெனியில் மெயின்டனன்ஸ். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஹெல்பராகச் சேர்ந்தேன். சர்க்யூட் கற்றுக்கொண்டது போனில் வீடியோ பார்த்து. வடக்கே யாரோ ஒருவர் செய்து காட்டுவார். அவர் பேசுவது புரியாது. கை செய்வது புரியும். அது போதும்.

அந்த டவர் லேம்பைக் காயலான் கடையில் பார்த்தேன். பழைய லைன் எதையோ பிரித்துப் போட்டிருந்தார்கள். மஞ்சள் மூடியில் கீறல். பச்சைக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. எடைக்குப் போட்டு வாங்கி வந்தேன். கூட்டைத் தட்டிவிட்டு, கீறலை ஒட்டி, பழைய பிரின்டர் அடாப்டரில் கொடுத்துப் பார்த்தேன். எரிந்தது.

மாட்டக் காரணம் ஹெட்போன்தான். மேசையில் உட்கார்ந்தால் யார் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் கல்லைத் தூக்க வளர்மதி கூப்பிட்டிருக்கிறாள். நான் திரும்பவில்லை. தானே தூக்கிக் கால்விரலில் போட்டுக்கொண்டாள். நகம் கறுத்துப் போனது.

அடுத்த ஞாயிறு விளக்கை அடுப்பங்கரை வாசலுக்கு மேலே மாட்டினேன். ஸ்விட்ச் பெட்டியை அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் வைத்தேன். மஞ்சள், சிவப்பு ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு ரீசெட் பட்டன். சிவப்புப் பட்டன் தெரியாமல் அழுந்திவிடக் கூடாது என்று அதன் மேல் சோப்பு டப்பா மூடியைக் கீல் வைத்துப் பொருத்தினேன்.

"இனிமே கத்த வேணாம். அழுத்து," என்றேன்.

"கூப்டா வர்ற புருஷன் எல்லா வூட்லயும் கீறான். எனக்குத்தான் லைட்டு போட்டா வர்ற புருஷன்," என்றாள் அவள். ஆனால் அழுத்தினாள்.

பல்லியும் சிலிண்டரும்

தண்ணீர்த் தொட்டிக்குச் செய்த மிஷினைப் பற்றி நான் முன்பு எழுதியதைப் படித்த சிலர், உன் வீட்டில் உன் மிஷின்களை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்கள். பொறுத்துக்கொள்வதில்லை. அதுதான் பதில்.

தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துகிற, காலியானால் ஓட்டுகிற பெட்டி ஒன்று செய்தேன். நன்றாக ஓடியது. ஒரு நாள் பல்லி உள்ளே போய்ச் செத்தது. தொட்டி காலியாகியும் மோட்டார் எடுக்கவில்லை. வளர்மதி தலை நிறைய சீயக்காயோடு நின்றாள். நான் டெஸ்டரோடு ஓடினேன். பல்லியை எடுத்துப் போட்டதும் சரியாயிற்று. பிறகு பெட்டிக்கு வலை அடித்துவிட்டேன். இன்றுவரை ஓடுகிறது.

சிலிண்டருக்குக் கீழே எடை காட்டுகிற பலகை ஒன்று செய்தேன். கேஸ் எவ்வளவு மீதி என்று சிவப்பு எழுத்தில் காட்டும். வளர்மதி சிலிண்டரைக் கால் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துச் சொல்லிவிடுவாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். என்னுடையதற்கு பேட்டரி மாற்ற வேண்டும்.

டவர் லேம்ப் மட்டும் நிலைத்தது. காரணம் உண்டு. மண்ணூரில் எங்கள் தெருவில் லைன் வேலை தெரியாத வீடு கிடையாது. வாசல் கிரில் வழியாகவும் மாடிப்படியிலிருந்தும் விளக்கு தெரியும். மஞ்சள் எரிந்தால் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும்.

எதிர்வீட்டு மூர்த்தி கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். வளர்மதி போகிற பஸ்தான். அவன் ஒரு நாள் வாசலில் நின்று கேட்டான்.

"இன்னா மாமே, கம்பெனிலயும் மஞ்ச எரிஞ்சா ஓடுற, வூட்லயும் ஓடுற. ரெண்டு எடத்துலயும் சம்பளம் உண்டா?"

"இங்க சோறு உண்டு," என்றேன்.

தேங்காய்

அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. பஸ்ஸரை மட்டும் நிறுத்தினேன். அதற்கு அவள் விட்டாள்.

மாடியில் இரண்டு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். இசக்கியும் மாரியும். சங்கரன்கோவில் பக்கம். இருவரும் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். இசக்கி இரண்டாவது ஷிஃப்ட் போனவள், பவர் கட் என்று சீக்கிரம் அனுப்பிவிட்டார்களாம். படியேறப் போனவள் கிரில் கதவில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, லைனு நின்னுட்டா? நான் வரணுமா?"

வேண்டாம் என்றேன். அவள் போகிற வழியில் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் போன்னு சொல்லிட்டேனே," என்றேன் வளர்மதியிடம். "இன்னும் ஏன் எரியுது?"

"'ஏன்' கேக்கக் கூடாது," என்றாள்.



பிறகு அவள் சொன்னாள். இந்த வாரமே ஒரு நாள் இதைச் சொல்லத்தான் மஞ்சள் போட்டாளாம். நான் போனேன். ஞாபகம் இருக்கிறது. மேடையில் ஒரு தேங்காய் இருந்தது. எடுத்தேன், உடைத்தேன், தண்ணீரை டம்ளரில் பிடித்து வைத்தேன், திரும்பி வந்துவிட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் வந்துவிட்டேன்.

"தேங்கா மறுநாளைக்குத்தான் ஒடைக்கணும்னு வெச்சிருந்தேன்," என்றாள்.

மெயின்டனன்ஸ்காரனுக்கு உள்ள கோளாறு இது. போய் நின்றதும் கண் தானாகத் தேடும். எது கழன்றிருக்கிறதோ அதை முடுக்கிவிட்டு வந்துவிடுவோம். அழுத்தினவரைப் பார்க்க மாட்டோம்.

அடுத்து அவள் சொன்னதுதான் எனக்குப் புதுசு. லைன் லீடர் வேலையை முன்பே ஒரு தரம் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் சொல்லவும் இல்லை. லைன் லீடர் என்றால் ஒரு வாரம் முதல் ஷிஃப்ட், மறு வாரம் இரண்டாவது ஷிஃப்ட். இரண்டாவது ஷிஃப்டில் போனால் பவித்ரா தூங்கின பிறகுதான் வீடு திரும்ப முடியும்.

"அப்போ நான் வேலை கத்துக்குடுத்த பொண்ணுதான் இப்போ லீடரு. 'அக்கா, இந்தப் பக்கம் வாங்க, அந்தப் பக்கம் போங்க'ன்னு என்னை நிறுத்திகினு கீது. நல்ல பொண்ணுதான். ஆனா நான் கத்துக்குடுத்த பொண்ணு."

அவள் குரல் உயரவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள்.

"இந்த தபா வேணாம்னா இனிமே கேக்க மாட்டாங்க."

"அதான் போன்னு சொன்னேன்."

"போறேன். இந்த வூட்ல எத்தினி ஸ்டேஷன் கீது, சொல்லு."

சுற்றிப் பார்த்தேன். ஸ்விட்ச் பெட்டி ஒன்று. அடுப்புக்குப் பக்கத்தில். நானே ஆணி அடித்து மாட்டியது.

"ஒண்ணு," என்றேன்.

"ஸ்டேஷன்ல ஆள் இல்லன்னா இன்னா ஆவும்?"

இதற்குப் பதில் எனக்கு நன்றாகத் தெரியும். வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். லைன் நின்றுவிடும்.

"நான் நிக்கிறேன்," என்றேன்.

"நிக்கத் தெரியுமா?"

"கத்துக்குவேன்."

"எங்க லைன்ல புது ஆளை நேரா நிக்க வெக்க மாட்டோம். ட்ரையல் ரன் பாக்கணும். இன்னிக்கு ராத்திரி சோறு, ரசம். நீ."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். என் நாற்காலியில் உட்கார்ந்தாள். என் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ட்ரையல் ரன்

எனக்குப் பயமில்லை. குக்கர் எனக்குத் தெரியும். வெயிட் வால்வை எத்தனையோ தரம் கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறேன். அடுப்பு பர்னர் நான் மாற்றியது. மிக்ஸி மோட்டார் நான் சுற்றியது. இந்த அடுப்பங்கரையில் என் கை படாத மிஷின் இல்லை.

டப்பாக்கள்தான் தெரியாது.

கம்பெனியில் ஒரு ஸ்க்ரூ வைக்கிற பெட்டிக்குக்கூடப் பெயர் ஒட்டியிருக்கும். இங்கே ஒன்றுக்கும் இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு. காபித்தூள் டப்பாவில் கடுகு. நெய் டப்பாவில் புளி. பெருங்காயம் எங்கேயும் இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தேன். மிளகாய்த்தூளை மோந்து தும்மினேன்.

பவித்ரா கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. சிவப்பு வெளிச்சத்தில் கணக்கு போடுவதாக நடித்தாள். கண் இங்கேதான் இருந்தது.

புளியைக் கரைத்தேன். தக்காளியைப் பிசைந்தேன். எண்ணெய் காய்ந்ததும் கடுகு போட்டேன். மற்றதைத் தேடித் திரும்புவதற்குள் கடுகு கருகிவிட்டது. வீடெல்லாம் புகை. அதைக் கொட்டிவிட்டு மறுபடி எண்ணெய் ஊற்றினேன். இந்த முறை எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். வேலைக்கு முன்னால் டூல்ஸை எடுத்து வைக்க வேண்டும் என்பது எனக்கே தெரிந்ததுதான். ரசம் நுரைத்து வந்தது. வாசனை சரியாக இருந்தது. இறக்கி வைத்தேன்.

பாதி வேலை முடிந்தது. ஸ்விட்ச் பெட்டி பக்கம் நான் போகவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷ வேலையில் நான் மஞ்சளைப் பார்த்து ஓடுகிறவன். அழுத்துகிறவன் இல்லை. மெயின்டனன்ஸ் ஆளுக்கு ஸ்விட்ச் கிடையாது. என் ஸ்பானர் வழுக்கிக் கட்டைவிரல் பிளந்தபோதுகூட வேஸ்ட் துணி சுற்றிக்கொண்டு வேலையை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி போனேன். அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் தப்பு என்று சொன்னதும் இல்லை.

அரிசி டிரம்மைத் திறந்தேன். உள்ளே ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

அங்கே நின்றுவிட்டேன்.

எங்கள் தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். சிலிண்டரில் எவ்வளவு மீதி என்று தெரியும். இந்த வீட்டில் ஒரு வேளைக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று தெரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து தின்கிறேன். தெரியவில்லை.

ஒரு டம்ளர் எடுத்தேன். குறைவாகத் தெரிந்தது. இன்னொன்று போட்டேன். அதிகமாகத் தெரிந்தது. திரும்பக் கொட்டினேன். குத்துமதிப்பாகப் போட்டுவிடலாம். மீந்தால் காலையில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடலாம். யாருக்கும் தெரியாது.

கூடத்தில் வளர்மதி திரும்பவே இல்லை. ஹெட்போனில் என்ன கேட்டாளோ, கால் ஆடிக்கொண்டிருந்தது. அவளைக் கூப்பிட்டால் கேட்காது. அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

பவித்ரா நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

டம்ளரை மேடையில் வைத்துவிட்டு மஞ்சளை அழுத்தினேன்.

எவ்வளவு

சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தன. சுவர் பழுத்த மாம்பழ நிறமானது.

வளர்மதி ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு வந்தாள். கருகின கடுகு வாசனை இன்னும் போகவில்லை. மேடையெல்லாம் டப்பாக்கள் திறந்து கிடந்தன. தரையில் புளிக்கொட்டை. எதையும் தொடவில்லை. எடுத்தும் வைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா?" என்றாள்.

"மூணு பேருக்கு எவ்ளோ அரிசி?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்த டம்ளர்ல ரெண்டு. ஆனா மூணு பேருக்கு இல்ல."

"பின்ன?"

"நாலு பேருக்கு. மேல மாரிக்குக் காய்ச்சல். முந்தாநாள்லேர்ந்து நம்ம வூட்டு சோறுதான் போகுது. அவளுக்குக் கொஞ்சம் கொழைய எடுத்துக் கஞ்சி பண்ணணும்."

என் தலைக்கு மேலே ஒரு பெண் காய்ச்சலில் படுத்திருக்கிறாள். என் வீட்டு அடுப்பிலிருந்து அவளுக்குச் சாப்பாடு போகிறது. நான் கீழே மேசையில் உட்கார்ந்து ஊரார் அடுப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

"இன்னும் இன்னா இன்னா கீது எனக்குத் தெரியாம?" என்று கேட்டேன்.

"கீது. ஒண்ணொண்ணா கேளு. சொல்றேன்."

இரண்டு டம்ளர் அளந்து போட்டேன். களைந்தேன். தண்ணீர் அளவு கேட்டேன், சொன்னாள். உப்பு எவ்வளவு என்று கேட்டேன், விரலால் காட்டினாள். பெருங்காயம் எங்கே என்றேன். ஃபிரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பின்னால் இருந்தது. அது ஏன் அங்கே என்று கேட்க வந்தேன். ரூல் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். ரசத்தில் ஒரு சொட்டு கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"பெருங்காயம் இல்லாத ரசம். பொழச்சிக்கும்," என்றாள்.

பிறகு சோப்பு டப்பா மூடியைத் தூக்கினாள். ரீசெட்டை அழுத்தினாள். சிவப்பு அணைந்தது.

மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

"அது உன்னுது," என்றாள். "நீ அழுத்துனது. நீதான் அணைக்கணும்."

திரும்பிப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த முறை ஹெட்போனை மாட்டவில்லை.

குக்கர் விசில் வந்தது. மாரிக்குக் குழைத்து மிளகு தட்டிப் போட்டு, தட்டு மூடிப் பவித்ராவிடம் கொடுத்து அனுப்பினேன். அவள் படி ஏறும் சத்தம் கேட்டது. மேலே கதவு திறந்து இசக்கி ஏதோ கேட்டாள். அப்பா செஞ்சது என்று பவித்ரா சொன்னது கேட்டது.  பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதன் பிறகுதான் மஞ்சளை அணைத்தேன்.

பஸ்

விடியற்காலையில் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனேன். ஏரிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று. கார் ஏற்றிப் போகிற நீள லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் ஸ்டவ் வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். டிபன் பாக்ஸ் கனத்தது. ரசம் சோறு. நான் கட்டியது.

"சொல்லிடவா?" என்றாள்.

"சொல்லிடு."

அவ்வளவுதான் பேசினோம்.

பஸ் வந்தது. மூர்த்தி கதவைத் திறந்துவிட்டு, ஸ்டீயரிங் மேல் கையைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"இன்னாக்கா, நேத்து உங்க வூட்ல செவப்பும் மஞ்சளும் ஒண்ணா எரிஞ்சிகினு இருந்திச்சே. பிரேக்டவுனா?"

வளர்மதி படியில் காலை வைத்தாள்.

"பிரேக்டவுன் இல்லப்பா. மாடல் சேஞ்ச்."

பஸ்ஸில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். மூர்த்தி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான்.  கியர் போட்டான்.

நான் வண்டியைத் திருப்பினேன். மாரிக்குக் காலைக் கஞ்சி வைக்க வேண்டியிருந்தது.